தண்ணீர் கேட்டுத் தொடங்கிய உரையாடல்: விசுவாசத்தைப் பகிர்தல் குறித்து ஓர் எளிய விளக்கம்

ஞாயிறு பூசையில் பிரசங்கம் செய்யும் குருவானவர் "உங்கள் விசுவாசத்தைப் பிறரோடு பகிர்ந்துகொள்ளுங்கள்" என்று கேட்கும்போது, யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கருள் பலருக்கு மனதில் ஒரு சங்கடம் எழுகிறது. அந்தச் சொற்களைக் கேட்டதும் கண்முன் வருபவர்கள் இரண்டு பேர். ஒருவர் கைப்பிரதிகளோடு வந்து படலையைத் தட்டுகிறவர்; மற்றவர் மேடையில் ஒலிவாங்கியைப் பிடித்து நிற்கிறவர். முதலாமவரைப் போல நடக்க மனம் ஒப்புவதில்லை, இரண்டாமவரைப் போலப் பேசத் தகுதி இருப்பதாகத் தோன்றுவதில்லை. எனவே அது சுவாமிமாருக்கும் கன்னியர் மடத்துச் சகோதரிகளுக்கும் உரிய பணி என்று தீர்மானித்துவிட்டு, பூசை முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுகிறோம். ஆனால் திருச்சபை சாதாரண விசுவாசிகளிடம் எதிர்பார்ப்பது இந்த இரண்டையும் அல்ல. அது எதிர்பார்ப்பது உரையாடலை. அதுவும் சந்தையிலும் பேருந்திலும் வேலியோரத்திலும் நாம் எப்படியும் பேசிக்கொண்டிருக்கும் அந்த அன்றாட உரையாடலை.

2013ஆம் ஆண்டில் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட 'நற்செய்தியின் மகிழ்ச்சி' என்னும் திருத்தூது ஊக்கவுரை இதை நேரடியாகவே எடுத்துரைக்கிறது. ஒவ்வொரு விசுவாசியும் தான் பழகுகின்ற மனிதரிடம், வீதியிலோ வேலைத்தலத்திலோ பயணத்திலோ, இயல்பாகப் பேசுகின்ற பேச்சினூடாக நற்செய்தியைக் கொண்டுசெல்கிறார் என்றும், அந்தப் பேச்சின் முதற்படி மற்றவர் தன் மகிழ்ச்சியையும் கவலையையும் எதிர்பார்ப்பையும் சொல்ல இடம் கொடுப்பது என்றும் அவர் எழுதுகிறார். இறைவார்த்தையைப் பற்றிப் பேசுவது அதன் பின்னரே வருகிறது. புதிதாகக் கற்கின்றவர் மனதில் முதலில் பதிக்கவேண்டியது இந்த ஒழுங்குமுறைதான், ஏனெனில் நாம் செய்யும் தவறுகளிற் பெரும்பாலானவை இந்த வரிசையைத் தலைகீழாக்குவதால் வருகின்றன.

இந்த ஒழுங்கை எவரும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தில் அது ஒரு கிணற்றடியில் நடக்கிறது. நிரந்தரமாக ஓடும் ஆறு ஒன்றில்லாமல், சுண்ணாம்புக் கல்லின் கீழிருக்கும் நீரைக் கிணறு வெட்டி எடுத்தே வாழ்ந்துவந்த குடாநாட்டு மக்களாகிய நமக்கு, அந்த அதிகாரத்தை விளங்கிக்கொள்ள அகராதி தேவையில்லை. நண்பகல் வெயில், வழிநடந்து களைத்த இயேசு கிணற்றருகே அமர்ந்திருக்கிறார், சீடர்கள் உணவு வாங்க ஊருக்குள் போயிருக்கிறார்கள். தண்ணீர் எடுக்க வந்த சமாரியப் பெண்ணிடம் அவர் பேசுகின்ற முதல் வசனம் ஒரு வேண்டுகோள்: குடிக்கத் தண்ணீர் தரும்படி கேட்கிறார். அவரிடம் வாளியும் இல்லை, கயிறும் இல்லை. கிணறோ ஆழமானது.

யூதர் சமாரியரோடு பழகுவதில்லை என்று நற்செய்தியாளர் அங்கே ஒரு குறிப்பு எழுதுகிறார். யார் எந்தக் கிணற்றில் அள்ளலாம், யார் கையால் வாங்கிக் குடிக்கலாம், யாருடைய பாத்திரத்தைத் தொடக்கூடாது என்று சாதியின் பெயரால் வகுத்து வைத்திருந்த யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் குறிப்பின் கனம் நன்கு தெரியும். அந்தப் பெண் வியந்துபோனது அவர் சொன்ன போதனையைக் கேட்டு அல்ல. தன்னிடம் தண்ணீர் கேட்கிறாரே என்பதைக் கண்டுதான். கொடுப்பவராக வராமல் கேட்பவராக வந்ததனால், அவளைத் தாழ்த்தி வைத்திருந்த ஒழுங்கை அவர் ஒரே வசனத்தில் புரட்டிவிட்டார். விசுவாசத்தைப் பகிர்தல் பற்றி எவராவது என்னிடம் கேட்டால், நான் முதலில் சொல்வது இதைத்தான்: அயலவரிடம் ஒன்றைக் கேட்டு வாங்கத் தெரியாதவருக்கு அவருக்கு ஒன்றைக் கொடுக்கவும் தெரியாது.

அதற்குப் பின்னர்தான் பேச்சு மெல்ல மெல்ல ஆழம் செல்கிறது. தண்ணீரிலிருந்து வாழ்வு தரும் தண்ணீருக்கும், அங்கிருந்து அவளுடைய வீட்டு நிலைமைக்கும், அங்கிருந்து எருசலேமில் வழிபடுவதா இந்த மலையில் வழிபடுவதா என்னும் நெடுநாட் பிணக்குக்கும் அது போகிறது. அந்தப் பிணக்கு எழுந்தபோது இயேசு "எல்லாம் ஒன்றுதான்" என்று நழுவிவிடவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. மீட்பு யூதரிடமிருந்தே வருகிறது என்று தெளிவாகச் சொல்கிறார். ஆனால் அதைச் சொல்லும்போது அவள் ஏற்கெனவே அவருடைய மரியாதையை உணர்ந்துவிட்டாள். ஒளிவுமறைவின்றிப் பேசுவதும் மரியாதையாகப் பேசுவதும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. பேதுருவின் முதல் திருமுகத்தின் மூன்றாம் அதிகாரமும் இவ்விரண்டையும் ஒரே இடத்தில் வைக்கிறது: நாம் கொண்டுள்ள எதிர்நோக்குக் குறித்து யாராவது விளக்கம் கேட்டால் விடை அளிக்க எப்போதும் ஆயத்தமாக இருக்கவேண்டும், அந்த விடையைப் பணிவோடும் மரியாதையோடும் அளிக்கவேண்டும். 'யாராவது கேட்டால்' என்னும் சொற்களை வாசிப்பவர்கள் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகிறார்கள். கேள்வி பிறக்கும்படியாக வாழ்வது முதல் வேலை. கேள்வி வந்தபின் பதில் சொல்வது இரண்டாவது வேலை.

இங்கே ஒரு வேறுபாட்டை விளக்கவேண்டியிருக்கிறது, ஏனெனில் நமது ஊரில் 'மதமாற்றம்' என்னும் சொல் காயம்பட்ட சொல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே வந்த மிசனரிமாருக்கும் சைவ அறிஞர்களுக்கும் இடையே துண்டுப்பிரசுரங்களாலும் கண்டன நூல்களாலும் கடும் வாதம் நடந்தது. பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத்தைத் தமிழாக்க உதவிய ஆறுமுக நாவலரே பின்னர் சைவத்தைக் காத்து நின்ற பெருங்குரலானார். விவிலியத்தைச் சொல்சொல்லாக அறிந்த ஒருவர் தம் சமயத்தில் உறுதியாக நிலைத்தார் என்பதை நாம் கசப்பின்றி நினைத்துப் பார்க்கவேண்டும். வாதத்தில் வெல்வதும் மனிதரை வெல்வதும் வெவ்வேறு என்பதற்கு நம் சொந்த வரலாறே போதுமான சான்று.

திருச்சபையின் நிலைப்பாடோ ஐயத்துக்கு இடமில்லாதது. 1965ஆம் ஆண்டு டிசெம்பர் 7ஆம் திகதி உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட சமய சுதந்திரம் பற்றிய அறிக்கை, விசுவாசத்தைப் பரப்புகையில் வற்புறுத்தலின் சாயலோ நேர்மையற்ற தூண்டுதலோ இருக்கலாகாது என்றும், வறியவரிடமும் கல்வியறிவு குறைந்தவரிடமும் இதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும் என்றும் சொல்கிறது. அதே ஆண்டு ஒக்டோபரில் வெளியான வேறோர் அறிக்கை, பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக உள்ள எதையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று கூறுகிறது. இந்து சமயத்தை அது பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆகவே நிவாரணப் பொதியோடு சமயத்தைச் சேர்த்துக் கட்டுவதும், நோயில் தளர்ந்து கிடப்பவரின் பயத்தைப் பயன்படுத்துவதும், பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைகளை இழுப்பதும், அயலவரின் வழிபாட்டை இழித்துப் பேசுவதும் கத்தோலிக்கருக்கு அனுமதிக்கப்பட்ட வழிகள் அல்ல. போரும் இடப்பெயர்வும் எல்லாவற்றையும் பறித்துக்கொண்டுபோன ஒரு மண்ணில் இந்த எச்சரிக்கையை இரட்டிப்பாகக் கடைப்பிடிக்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஒருவருக்கு உண்மையை எடுத்துச் சொல்லி அவருடைய மனச்சாட்சியிடம் விட்டுவிடுவது பகிர்தல். அந்த மனச்சாட்சியைச் சுற்றிவளைத்து உள்ளே நுழைவது அத்துமீறல். இதயத்தைத் திறப்பது தூய ஆவியாரின் வேலை என்று நாம் உண்மையாகவே நம்புவோமானால், அவசரப்படுவதற்கு நமக்குக் காரணமே இல்லை.

சாதாரண வீட்டுப் பேச்சு எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கு யாழ்ப்பாணமே சாட்சி. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிய பின் கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள், வழிபாடு தடைசெய்யப்பட்டது, ஆலயங்கள் பறிபோயின. கோவாவிலிருந்து புறப்பட்ட யோசேவ்வாஸ் அடிகளார் ஏழைத் தொழிலாளியின் வேடத்தில் 1687இல் இங்கு வந்து சேரும்வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், இந்த மண்ணின் விசுவாசத்தைக் காத்தவர்கள் குருக்களோ துறவிகளோ அல்லாத பொதுநிலையினரே. அவர்களிடம் மேடை இருக்கவில்லை, அச்சிட்ட புத்தகமும் இருந்திருக்காது. தாய் பிள்ளைக்குச் செபம் சொல்லிக்கொடுத்தாள், பேத்தியார் கதை சொன்னார், உறவினர் உறவினரை எச்சரித்தும் தேற்றியும் வந்தனர். அடிகளார் கழுத்திற் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போய், அதைக் கண்டவர்களின் முகக்குறிப்பிலிருந்து கத்தோலிக்கரை இனங்கண்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அவரும் கேட்பவராகவே படலைக்கு வந்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். பின்னர் சில்லாலையில் மறைந்திருந்து, இரவில் மக்களைச் சந்தித்துப் பணிசெய்த அவர், 1711இல் கண்டியில் இறந்தார். 2015 ஜனவரி 14இல் கொழும்பில் புனிதராக உயர்த்தப்பட்டார்.

இனி, செவிகொடுத்துக் கேட்டல் என்றால் என்ன என்பதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா சைவர். இறந்துபோன கணவருடைய அந்தியேட்டிச் சடங்கு முடிந்து சில வாரங்களின் பின் ஒருநாள் வேலியோரத்தில் நின்று என்னிடம் கேட்டார்: "உங்கட ஆக்கள் செத்தவைக்குப் பூசை வைக்கிறவை எல்லோ, தம்பி, அது என்னத்துக்கு?" மறைக்கல்வி வகுப்பில் நன்றாகப் படித்தவன் என்ற நினைப்பில், நான் இறந்தவர்கள் தூய்மை பெறும் உத்தரிக்கிற நிலையைப் பற்றியும் புனிதர்களின் சமூக உறவைப் பற்றியும் நெடுநேரம் விளக்கினேன். சொன்னவற்றில் பிழை ஒன்றும் இல்லை. அவர் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, மிகத் தாழ்ந்த குரலில், "அப்ப அவருக்கும் ஒண்டு வைக்கலாமோ?" என்றார்.

அவர் கேட்டது ஒரு கோட்பாட்டை அல்ல. தன் மனுசனுக்கு இன்னும் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார். அந்தக் கேள்வியின் அடியில் இருந்த துயரத்தை நான் முதலிலேயே கேட்டிருந்தால், "அண்ணையை நினைச்சுக்கொண்டு இருக்கிறியளோ, அக்கா?" என்ற ஒரு வசனம் போதுமாயிருந்திருக்கும். விடையும் எளிதானதுதான்: உயிரோடிருப்பவரோ இறந்தவரோ, எவருக்காகவும் குருவானவர் பூசை ஒப்புக்கொடுக்கலாம் என்று திருச்சபைச் சட்டம் சொல்கிறது. திருமுழுக்குப் பெறாதவர் என்பது அதற்குத் தடையல்ல. அன்று மாலையே நான் சுவாமியிடம் போய் அவருடைய கணவரின் பெயரைக் கொடுத்தேன்.

லூக்கா நற்செய்தியில் எம்மாவு என்னும் ஊருக்குப் போன இரண்டு சீடர்களின் கதையிலும் இதுவே நடக்கிறது. ஏறத்தாழப் பதினொரு கிலோமீட்டர் வழி. யாழ்ப்பாண நகரத்திலிருந்து சுன்னாகம்வரை நடந்துபோகின்ற தூரம் என்று வைத்துக்கொள்ளலாம். உயிர்த்தெழுந்த ஆண்டவர் அவர்களோடு சேர்ந்து நடக்கிறார். நடந்தவை அனைத்தும் அவருக்கே நடந்தவை. ஆயினும் என்ன பேசிக்கொண்டு வருகிறீர்கள் என்று கேட்டு, அவர்கள் தங்கள் ஏமாற்றத்தை முழுவதும் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்த பிறகே மறைநூலை விளக்கத் தொடங்குகிறார்.

ஆனால் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் விடுவதும் பகிர்தல் ஆகாது. வாழ்வுச் சாட்சியம் முதன்மையானது என்று 1975இல் எழுதிய திருத்தந்தை ஆறாம் பவுலே, அந்தச் சாட்சியம் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், அதன் காரணம் ஒருநாள் வாய்விட்டுச் சொல்லப்படாவிட்டால் அது போதாது என்றும் எழுதினார். அப்படியானால் என்ன சொல்வது? திருச்சபை 'முதல் அறிவிப்பு' என்று அழைப்பது மிகச் சுருக்கமானது: இயேசு உன்னை அன்பு செய்கிறார், உனக்காகத் தம் உயிரைக் கொடுத்தார், உயிர்த்தெழுந்து இன்றும் உன்னோடு இருக்கிறார். கோட்பாடுகள், கட்டளைகள், திருவருட்சாதனங்கள் அனைத்தும் இதிலிருந்து கிளைப்பவை. இதை மனப்பாடம் செய்து ஒப்புவிப்பதால் பயனில்லை. "அந்த வருசம் முகாமில இருக்கேக்க, செபமாலை ஒண்டுதான் எனக்குக் கையில மிஞ்சினது, அதைப் பிடிச்சுக்கொண்டு இரவு முழுக்க இருந்தன்" என்று தன் வாழ்விலிருந்து ஒரு தாய் சொல்வாரானால், அதற்குள் முதல் அறிவிப்பு முழுவதும் இருக்கிறது.

சொற்களிலும் கவனம் வேண்டும், அதுவும் யாழ்ப்பாணத்தில் இது சுவையான விடயம். திருப்பலியைப் பூசை என்றும், ஆலயத்தைக் கோயில் என்றும், நேர்ச்சையை நேர்த்தி என்றும் சொல்கிற நாமும் நம் சைவ அயலவரும் ஒரே சொற்களைப் புழங்குகிறோம். செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரி ஏற்றுபவர்களிலும், ஆவணியில் மடு மாதா கோயிலுக்குப் போகும் கூட்டத்திலும் சைவர்கள் இருப்பது நமக்குப் புதிதல்ல. இந்தப் பொதுச் சொற்கள் நல்ல வாசல்கள். அதேவேளை அவற்றுள் இடறி விழவும் கூடும். கடவுள் மனிதரானார் என்று நாம் சொல்லும்போது, பல அவதாரங்களில் இதுவும் ஒன்று என்று ஒருவர் விளங்கிக்கொள்ளலாம். சைவ சித்தாந்தம் கற்ற வேறொருவரோ, இறைவன் பிறப்பு இறப்பு இல்லாதவன் ஆயிற்றே, அவன் எப்படித் தாயின் வயிற்றில் பிறப்பான் என்று கேட்பார். அது மிகவும் ஆழமான கேள்வி. அதற்கு விடை சொல்ல முயலும்போதுதான், ஒரேயொரு முறை, பெயர் தெரிந்த ஓர் ஊரில், ஓர் ஏழைக் குடும்பத்தில் கடவுள் மெய்யாகவே பிறந்தார், மெய்யாகவே பாடுபட்டு இறந்தார் என்று நாம் நம்புவது எவ்வளவு துணிச்சலான நம்பிக்கை என்று நமக்கே உறைக்கிறது. அயலவரின் சமயத்தைக் கொஞ்சமாவது கற்றறிந்தவரே தன் சமயத்தையும் சரிவரச் சொல்லமுடியும்.

அடிக்கடி வருகிற மற்றொரு கேள்வி, "நீங்கள் மாதாவைத்தானே கும்பிடுறனீங்கள்?" என்பது. சைவர்களும் கேட்கிறார்கள், பிற கிறிஸ்தவ சபைகளைச் சேர்ந்தவர்களும் கேட்கிறார்கள். கடவுளுக்கு மட்டுமே உரிய ஆராதனை வேறு, புனிதர்களுக்குச் செலுத்தும் வணக்கம் வேறு என்னும் வேறுபாட்டை 787ஆம் ஆண்டிலேயே இரண்டாம் நீசேயா சங்கம் தெளிவுபடுத்தியிருக்கிறது. இதை வேலியோரத்தில் சொல்வதானால், "எனக்காகவும் ஒருக்கா மன்றாடிக்கொள்ளுங்கோ எண்டு உங்களைக் கேக்கிற மாதிரித்தான் மாதாவையும் கேக்கிறம்" என்று சொன்னாலே பாதி விளங்கிவிடும். தெரியாத கேள்வி வந்தால், தெரியாது, சுவாமியிடம் கேட்டு வந்து சொல்கிறேன் என்று சொல்வதில் இழுக்கில்லை. கேட்டுப்போய்ச் சொல்லவும் வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமான கேள்வி வேறு. "அந்த நேரம் உங்கட கடவுள் எங்க நிண்டவர்?" பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்கள் கேட்கிற கேள்வி அது. இதற்கு விரைவாக விடை சொல்கிற எவரையும் நான் நம்புவதில்லை. விவிலியத்தில், எல்லாவற்றையும் இழந்து துன்புற்ற யோபுவைத் தேற்ற வந்த நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் பேசாமல் அமர்ந்திருந்தார்கள். அவர்கள் வாய்திறந்து காரணம் சொல்லப் புறப்பட்ட பின்னரே தவறினார்கள். சிலுவையிலிருந்து இயேசுவே "என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்று கதறினார் என்பதை, கேட்டவர் விரும்பினால், ஒருநாள் சொல்லலாம். அந்த நாள் வரும்வரை பக்கத்தில் இருப்பதே நம்மால் இயன்ற அறிவிப்பு.

நமது சொற்களைக் கெடுப்பது பெரும்பாலும் நமது அறியாமை அல்ல, நமது வாழ்வே. ஒரே பந்தியில் நற்கருணை உட்கொண்டுவிட்டுக் கலியாணப் பேச்சிலும் பங்குச் சபைப் பதவியிலும் சாதி பார்க்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அயலவர்கள் அதைக் காண்கிறார்கள். சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கேட்டவரைப் பற்றி நாம் எவ்வளவு அழகாகப் பேசினாலும், அந்த ஒன்றை அவர்கள் மறக்கமாட்டார்கள், மறக்கவேண்டும் என்று நாம் எதிர்பார்க்கவும் முடியாது. குற்றத்தை ஒப்புக்கொள்வதும் பகிர்தலின் ஒரு பகுதி; பாவசங்கீர்த்தனம் செய்கிற மக்களாகிய நமக்கு அது அந்நியமானதல்ல.

உரையாடலின் பயனாக ஒருவர் உண்மையிலேயே இந்த விசுவாசத்தைத் தழுவ விரும்பினால், திருச்சபை அவரை அவசரமாக இழுத்துத் திருமுழுக்குக் கொடுத்துவிடுவதில்லை. வயதுவந்தோருக்கெனப் படிப்படியான ஆயத்தக் காலம் ஒன்று உண்டு. அது பல மாதங்கள், சில வேளைகளில் அதற்கு மேலும் நீடித்து, வழமையாக உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய இரவின் பாஸ்காத் திருவிழிப்பில் திருமுழுக்கோடும் உறுதிபூசுதலோடும் நற்கருணையோடும் நிறைவுபெறுகிறது. இடையில் எந்தக் கட்டத்திலும் அவர் திரும்பிப் போகலாம். அந்தப் பாதையில் அவருக்குத் துணையாக ஒருவரைத் திருச்சபை தேடும்போது, முதலில் அவரோடு பேசத் தொடங்கியவரே பெரும்பாலும் அதற்குப் பொருத்தமானவர்.

நாம் பேசுகின்றவர்களில் மிகப் பலர் அந்தப் பாதைக்கு வரமாட்டார்கள். அந்தச் சமாரியப் பெண் குடத்தை விட்டுவிட்டு ஊருக்குள் போய், வந்து பாருங்கள் என்று அழைத்தாள். வந்தவர்கள் பின்னர் அவரிடமே நேரிற் கேட்டறிந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா இன்றைக்கும் வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறார். சென்ற ஆண்டு கார்த்திகை பிறக்கும் முன்னரே என்னிடம், சகல ஆத்துமாக்கள் திருநாளுக்குச் சேமக்காலையில் பூசை எத்தனை மணிக்கு என்று விசாரித்தார். நேரத்தைச் சொன்னேன். அன்று அவர் ஒரு மெழுகுதிரிப் பெட்டியோடு வந்து, எங்கள் அப்பாவின் கல்லறையில் ஒன்றை ஏற்றினார். இன்னொன்றைத் தன் கணவரை நினைத்து அதன் அருகிலேயே வைத்தார். காற்றில் அணைந்துபோன என் திரியை அவருடைய திரியில் பிடித்து மறுபடி ஏற்றிக்கொண்டேன்.